காற்றாலை மானிய விவாதம்
காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை. செலவின் பெரும்பகுதி நிறுவும்போதே ஆகிவிடும். எனவே முதலீட்டை ஈர்க்க, இந்திய அரசு 1990களில் விரைவுத் தேய்மானம் என்னும் வருமானவரிச் சலுகை அளித்தது. கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் பெருகின. ஆனால் இச்சலுகை நிறுவிய இயந்திரத்துக்கே கிடைத்தது, உற்பத்தியான மின்சாரத்துக்கு அன்று என்ற குறை எழுந்தது. 2009இல் யூனிட்டுக்கு 50 காசு உற்பத்தி ஊக்கத்தொகை அறிமுகமானது.

2017இல் தேய்மான வீதம் 80இலிருந்து 40 விழுக்காடானது. அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக இறங்கியது. தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்டிருந்த விலை 4.16 ரூபாய்.

ஆயினும் விவாதம் ஓயவில்லை. காற்று மே முதல் செப்டம்பர் வரையே பலமாக வீசுகிறது. மற்ற மாதங்களுக்கான மாற்று மின்சாரச் செலவு நுகர்வோர் மீது விழுகிறது என்பர் ஒரு சாரார். நிலக்கரிப் புகையால் வரும் கேடு அதன் விலையில் சேர்வதில்லை என்பர் மறுசாரார்.