வெடி வைக்குமுன் பொத்தையைப் படமெடுங்கள்

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் களவுபோன நடராசர், 2019-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து ஊர் திரும்பினார். அவர் நம் நடராசர்தான் என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம் சாட்சியாக நின்றது. செதுக்கிய பாறைக்கு அப்படித் திரும்பி வரும் வாய்ப்பு இல்லை. குவாரிக்குப் போனால் சல்லிதான்.

கொங்கணக் கரையைப் பாருங்கள். ரத்னகிரி மாவட்டத்துச் செம்பாறை மேடுகளில், மரம் மறைக்காத வெட்டவெளியில், யானையும் காண்டாமிருகமும் மனிதரும் தரையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கஷேளி யானை மட்டும் ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். மாடு மேய்த்தவர்களுக்கு அவை பழகிய இடங்கள், ஆவணத்தில்தான் இல்லை. சுதிர் ரிஸ்பூட், தனஞ்சய் மராட்டே போன்ற உள்ளூர் ஆர்வலர்கள் ஊர் ஊராய் விசாரித்துப் பதிவு செய்தார்கள். 2022-இல் கொங்கணச் செதுக்கல்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. அதில் இடம்பெற்ற பார்சு மேட்டில்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வரப்போகிறது என்று 2023-இல் பெரும் போராட்டம் நடந்தது. பதிவு முந்திக்கொண்டதால் செதுக்கல்களுக்காகவும் பேச முடிந்தது.

தமிழ்நாட்டில் திண்டிவனம் அருகே பெருமுக்கல் மலையில் இத்தகைய கீறல்கள் உண்டு. வயநாட்டு எடக்கல் குகைச் செதுக்கல்களை 1890-களில் ஆராய்ந்தவர் பாசெட் என்ற போலீஸ் அதிகாரி. நம் தாமிரபரணிக் கரைப் பொத்தைகளை, இந்தச் சிறு குன்றுகளை, யார் நடந்து பார்ப்பது? நாம்தான்.

உச்சிவெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது, ஒரு நூலளவு பள்ளத்துக்கும் நிழல் கட்டும். இருட்டிய பிறகு டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் துலக்கம். அளவுகோலை அருகில் வைத்து, ஒரு படம் அடுத்த படத்தின் பாதிக்கு மேல் மூடும்படி பாறை முழுக்க எடுத்துவந்தால், கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாண வடிவம் தந்துவிடும். இங்கிலாந்தின் ராம்பால்ட்ஸ் மூர் மேட்டுநிலத்தில் தன்னார்வலர்களே இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் புள்ளி, பாறை பார்க்கும் திசை, பக்கத்துச் சுனை, ஈமக்கல் எல்லாம் குறிப்பில் வேண்டும்.

பாறையில் காணும் குழியெல்லாம் தொன்மையல்ல, உரல் குழியும் உண்டு, ஆடு மேய்த்தவர்கள் வெட்டிய பல்லாங்குழியும் உண்டு. அவற்றையும் குறியுங்கள், தரம் பிரிப்பது ஆய்வாளர் வேலை. கோடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தீட்டுவது மட்டும் கூடவே கூடாது. இல்லாத கோட்டை அது உண்டாக்கிவிடும், பிறகு செய்யும் சோதனைகளையும் கெடுக்கும்.

படங்களையும் குறிப்பையும் மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் இடத்தைச் சொல்ல வேண்டாம். செதுக்கலைப் புதையலுக்கான அடையாளம் என்று நம்பிக் கடப்பாரையோடு கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.