பழைய டெலிபோன் யந்திரங்கள்

சாக்கோட்டைக்கு அருகிலுள்ள காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகளுக்கென்றே ஒரு தெரு உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அங்கே கௌரவமாக விலைபோகின்றன. நம் குரலை வீட்டுக்கு வீடு இணைத்த ஸ்ட்ரௌஜர் யந்திரங்களோ நாடெங்கும் செம்புக்கும் பித்தளைக்கும் எடைபோடப்பட்டன. இது தகுமா?

அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரௌஜர் என்பார் 1891-ல் இதற்குப் பேடண்ட் பெற்றார். நாம் சுழற்றும் எண்ணுக்கேற்ப மின் துடிப்புகள் செல்லும். மின்காந்தத்தின் பலத்தால் ஒரு தண்டு படிப்படியாக மேலெழுந்து, பின் பக்கவாட்டில் திரும்பி, நூறு முனைகளுள் வேண்டியதைத் தொடும். சிறுவரும் கண்ணால் கண்டு கற்கத்தக்க வித்தை இது.

1948-ல் பெங்களூரில் தோன்றிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் நம் தொழிலாளரே பின்னர் இவற்றைச் செய்தனர். ஆகவே இவை சுதந்திர பாரதத்தின் உழைப்புச் சின்னங்கள்.

ஈரமும் தூசியும் அரிப்புமே இவற்றின் சத்துருக்கள். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமோ காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈய, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது அது. எஞ்சிய யந்திரம் ஒன்றையேனும் தேடிக் கொணர்ந்து, அந்நிபுணரின் யோசனையுடன் செப்பனிட்டு, சாக்கோட்டைப் பள்ளியொன்றில் ஓடும் நிலையில் வைத்தல் வேண்டும். தேசாபிமானிகளே, காயலான் கடைக்காரர் முந்துமுன் நாம் முந்துவோமாக!