வெண்விழிக்கும் உயிர் உண்டு

வண்ணாரப்பேட்டைக்குக் கிழக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். அதனை அடுத்துச் சென்னைத் துறைமுகம். வெயிலிலும் கடற்காற்றிலும் தூசியிலும் நாள் முழுவதும் உழைப்போர் சிலரின் கண்களை உற்று நோக்கினால், மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோண வடிவில் மெல்லிய சதை ஒன்று படர்ந்திருப்பதைக் காணலாம். ‘கண்ணில் சதை வளர்கிறது’ என்பர் மக்கள். ‘டெரிஜியம்’ என்பர் மருத்துவர். வெயிலின் புறஊதாக் கதிர்களே இதற்கு முதற்காரணம். இச்சதை கருவிழியின் நடுவை நெருங்கினால் பார்வை மங்கும். அப்போது அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

சிறிய அறுவைதான். ஆயினும் அரிதாகச் சிலருக்கு, அறுத்த இடத்தில் வெண்விழியே நைந்து கரையத் தொடங்குகிறது. ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

வெண்விழியை உணர்ச்சியற்ற வெறும் ஓடு என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணின் வடிவைக் காக்கும் சுவர் அது. முன்புறத்தில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதற்கெனச் சொந்த இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. மேலும் கீழும் உள்ள படலங்களின் குழாய்களே அதற்கு உணவூட்டுகின்றன. மேற்படலத்தை அகற்றிவிட்டு வெண்விழியைத் திறந்தபடி விட்டால், அந்த உணவு குன்றுகிறது.

முற்காலத்தில் அவ்வாறே திறந்து விட்டனர். சதை மீண்டும் வளர்ந்தது. அதைத் தடுக்க ஸ்டிரான்ஷியம்-90 என்னும் கதிரியக்கப் பொருளையும், புற்றுநோய் மருந்தான மைட்டோமைசினையும் பயன்படுத்தினர். அவை சதையைத் தடுத்தன. ஆனால் சிலரின் வெண்விழியையும் வாட்டின. இம்மருந்தால் நேர்ந்த கடும் விளைவுகளை 1992-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டு எச்சரித்தனர். இந்தப் புண் உடனே தோன்ற வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். முடக்குவாதம் போன்ற நோயுடையோருக்குக் கண்புரை அறுவைக்குப் பின்னும் இது நேர்வதுண்டு.

இன்று பெரும்பாலும், கண்ணின் மற்றொரு பகுதியிலிருந்து மெல்லிய படலத்தை எடுத்து அறுத்த இடத்தை மூடுகின்றனர். சதை மீண்டும் வளர்வதும் குறைகிறது, வெண்விழியும் காக்கப்படுகிறது.

அறுவை செய்த கண்ணில் உறக்கத்தைக் கெடுக்கும் ஆழ்ந்த வலி, நீங்காத சிவப்பு, இரத்தமின்றி வெளுத்த திட்டு, உள்ளிருக்கும் நிறம் தெரிவதால் தோன்றும் நீலக்கருமை ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதிக்கலாகாது. ‘அது பழைய ஆபரேஷன் ஆயிற்றே’ என்று ஒதுக்கிவிடவும் கூடாது. எப்போது அறுவை நடந்தது, என்ன மருந்து இட்டார்கள், மூட்டுவாதம் உண்டா என்பவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமியால் வந்த புண்ணுக்கு ஒரு மருத்துவம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுவையே தாக்கியதால் வந்ததற்கு வேறு மருத்துவம். எனவே மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்குவது பெருந்தீங்கு.

நம் பகுதியினர் இதற்காகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் அருகிலேதான்.

அழகுக்காக வெண்விழியை மேலும் வெண்மையாக்கும் அறுவையும் சில நாடுகளில் நடந்தது. வெண்விழி கரைதல் உள்ளிட்ட கேடுகள் வெளிப்பட்டதால், தென்கொரிய அரசு 2011-இல் அதனை நிறுத்த ஆணையிட்டது. நலமான கண்ணை அழகுக்காக அறுப்பது அறிவுடைமை ஆகுமா? வெயிலில் உழைப்போர் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் அணிந்தாலே பாதிக் காவல் கிடைத்துவிடும்.

இறுதியாக ஒன்று. கரைந்துபோன வெண்விழியில் ஓட்டை விழும் நிலை வந்தால், இறந்தவர் தானமாக ஈந்த கண்ணின் வெண்விழித் துண்டைக் கொண்டு ஒட்டுப்போட்டு அக்கண்ணைக் காக்கின்றனர். கருவிழி பயன்படாத கண்ணாயினும் அதன் வெண்விழி பயன்படும். கண்தானம் என்றால் கருவிழி மட்டுமே என்று எண்ணியிருந்தோம் அல்லவா? இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்களை எடுத்துவிட வேண்டும் என்பதால் உடனே தெரிவிக்க வேண்டும். இதனை நம் இல்லத்தார் அனைவரும் இன்றே பேசி வைத்துக்கொள்வது நன்று.