80,000 ரூபாய் ஃப்ரேம், 1,59,000 ரூபாய் செலவு: ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க

எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ் பேசுற இடத்துல மலை சைக்கிளுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. லட்சத்தைத் தாண்டுற எந்தச் செலவும் நம்ம சப்ஜெக்ட்தான். அதுவும் இந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன்.

என்கிட்ட முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற ஹார்ட்டெயில் இருந்தது. மண் பாதைக்கு அது தாராளம். ஆனா கல்லும் வேருமா இருக்கிற இறக்கத்துல பின்சக்கரம் துள்ளித் துள்ளி இடுப்பைப் பதம் பார்த்துச்சு. "புது சைக்கிள் எதுக்கு? ஃபுல் சஸ்பென்ஷன் ஃப்ரேமை மட்டும் வாங்கி, பழைய பாகங்களை மாட்டிக்கலாம்"னு முடிவு பண்ணி, செகண்ட் ஹேண்ட்ல 80,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரேம் எடுத்தேன்.

மாட்டப் போனப்பதான் விஷயம் புரிஞ்சது. என் பழைய பின்சக்கர ஹப் 135 மி.மீ. அகலம். ஃப்ரேம் கேட்டது 148 மி.மீ., அதாவது 'பூஸ்ட்' அளவு. ஃபோர்க் 100 மி.மீ. டிராவல், ஃப்ரேம் 140-க்காக வடிவமைச்சது. குட்டை ஃபோர்க்கை மாட்டினா முன்பக்கம் தாழ்ந்து போகும், இறக்கத்துல கவிழ்ற மாதிரி இருக்கும், பெடலும் கல்லுல இடிக்கும். சரின்னு பழைய ஃபோர்க் ஒண்ணு 35,000-க்கு வாங்கினா, அதுவும் பூஸ்ட். முன்சக்கரமும் சேரல. ரெண்டு சக்கரத்துக்கு 28,000. ஹெட்செட், சீட்போஸ்ட், சில்லறைச் சாமான் 9,000. ஷாக்ல எண்ணெய் கசிவு, அதைச் சரிபண்ண 7,000. மொத்தம் 1,59,000. பழைய சைக்கிள்ல இருந்து உருப்படியா வந்தது பிரேக்கும் கியரும்தான்.

அதனால ஃப்ரேமோட விலையைப் பார்க்காதீங்க, அது ஓடுற நிலைக்கு வர ஆகுற விலையைப் பாருங்க. ஹப் அகலம், ஃபோர்க் டிராவல், ஹெட்டியூப் அளவு, சீட்போஸ்ட் விட்டம், பாட்டம் பிராக்கெட் வகை, இந்த அஞ்சையும் ஒரு பேப்பர்ல எழுதி, உங்க சைக்கிளோட ஒப்பிடுங்க. பொருந்தாத ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே ரூபாயை எழுதுங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறீங்கன்னா ஷிப்பிங், கஸ்டம்ஸ், ஐ.ஜி.எஸ்.டி. தனி வரி.

எவ்வளவு டிராவல் வேணும்? சாதாரண டிரெயிலுக்கு 120-130 மி.மீ. கரடுமுரடான பாதைக்கு 140-150. செங்குத்தான இறக்கம், பெரிய பாறைன்னா 160-170. கூட இருக்கட்டுமேன்னு பெருசா எடுத்தா, ஏத்தத்துல அந்த எடையை மிதிக்கிறது நீங்கதான். ஹெட் ஆங்கிளும் பாருங்க. 64-65 டிகிரி இருந்தா இறக்கத்துல நிதானமா போகும்.

எத்தனை பேர் கவனிக்கிறாங்கன்னு தெரியல, நிறைய ஃப்ரேம்லயோ அதோட கையேட்டுலயோ ஒரு கேட்டகிரி எண் இருக்கும். கேட்டகிரி 3-ன்னா சுமார் 60 செ.மீ. வரைக்குமான குதிப்புக்கு. 4-ன்னா சுமார் 120 செ.மீ. கேட்டகிரி 3 ஃப்ரேமை வச்சு ஆள் உயரப் பாறையில இருந்து குதிச்சு உடைச்சா, வாரண்டி கிடைக்காது. அதைவிட, உடையறது ஃப்ரேம் மட்டும்னு நினைக்காதீங்க. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்துட்டீங்களா?

இப்போ யாரும் சொல்லாத செலவு. ஏர் ஷாக்குக்குப் பல மாடல்கள்ல 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு சின்ன சர்வீஸ், 200 மணி நேரத்துக்கு ஒரு முழு சர்வீஸ்னு கையேடு சொல்லும். வாரம் 4 மணி நேரம் ஓட்டுறவருக்கு வருஷத்துல 4 சின்னது, 1 பெருசு. ஃபோர்க்குக்கும் இதே மாதிரி தனி அட்டவணை உண்டு. பின்பக்க லிங்க்ல இருக்கிற பேரிங்குகளும் சேறு, தண்ணி பட்டா தேயும். ஹார்ட்டெயில்ல இந்தப் பின்பக்கச் செலவே கிடையாது. மாசத்துக்கு இவ்வளவுன்னு இதுக்கு ஒரு சின்ன ஆர்.டி. போட முடியலைன்னா, இந்த சைக்கிள் இப்போதைக்கு உங்களுக்கு இல்ல.

செகண்ட் ஹேண்ட் எடுக்கிறவங்க ஷாக்கைக் கழட்டிட்டு பின்சக்கரத்தைக் கையால மேல கீழ அசைச்சுப் பாருங்க. கரகரன்னா பேரிங் போச்சு, பக்கவாட்டுல ஆடினாலும் செலவு இருக்கு. ஷாக் மாட்டுற இடம், லிங்க் சேருற வெல்டிங், ரெண்டையும் துணியால துடைச்சு டார்ச் அடிச்சுப் பார்க்கணும். முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் பேரம் பேசாதீங்க, கிளம்பிடுங்க. பழைய கார்பன் ஃப்ரேம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். உள்ளே இருக்கிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அலுமினியம் பரவாயில்லை. இன்னொண்ணு, பெரும்பாலான கம்பெனிகளோட ஃப்ரேம் வாரண்டி முதல்ல வாங்கினவருக்கு மட்டும்தான்.

அப்போ ஃப்ரேம் மட்டும் வாங்கவே கூடாதா? உங்ககிட்ட ஏற்கனவே பூஸ்ட் சக்கரமும் 140-150 ஃபோர்க்கும் இருந்து, ஃப்ரேம் மட்டும் உடைஞ்சிருந்தாலோ சைஸ் சேரலைன்னாலோ தாராளமா வாங்குங்க. ஹார்ட்டெயில்ல இருந்து வர்றவங்களுக்கு முழு சைக்கிள்தான் பெரும்பாலும் மலிவு. கம்பெனிக்காரன் பாகங்களை மொத்தமா வாங்குறான், நாம சில்லறையில வாங்குறோம்.

என் ஃப்ரேம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதோட சர்வீஸ் பில்லை எல்லாம் எடுத்து வச்சிருக்கேன், அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா காட்டுறேன்.