முதல் வீடு எங்கே? ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியிலா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள் பெரியவர்கள். கட்டுவதற்கு முன்பே ஒரு பெரிய வேலை இருக்கிறது. அது, எங்கே வாங்குவது என்று முடிவு செய்வது!

தேனியில் பல குடும்பங்களில் இதே பேச்சுத்தான்.

"பஜாருக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்று போதும்" என்கிறாள் மனைவி.

"அந்தப் பணத்துக்கு ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கலாமே!" என்கிறார் கணவர்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் ஒன்றுதான். அது ஒத்திக்குக் கொடுத்துத் திரும்பி வந்த பணம். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஒரு தடவை போட்டுவிட்டால் திரும்ப எடுப்பது சுலபம் அல்ல. ஆகையால் அவசரம் கூடாது.

ஊர் நகர்ந்த கதை

தேனி, சந்தைக்குப் பேர் போன ஊர். மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூன்றும் நேரு சிலை அருகே கூடுகின்றன. ஒரு காலத்தில் அந்த இடத்தைச் சுற்றி இருந்தால்தான் ஊருக்குள் இருப்பதாக அர்த்தம்.

1996-ம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் இருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதன் பிறகு ஊர் நகரத் தொடங்கியது. கலெக்டர் அலுவலகம் மதுரை ரோட்டில் அமைந்தது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, ஆண்டிபட்டி போகும் வழியில் கானாவிலக்கில் வந்தது. புது பஸ் நிலையம் பைபாஸ் ரோட்டுக்குப் போயிற்று.

ரெயில் கதையும் உண்டு. மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதை 2010-ம் ஆண்டு முடிவில் மூடப்பட்டது. அகலப்பாதை போட்டு, 2022 மே மாதம் தேனிக்கு ரெயில் வந்தது. 2023 ஜூனில் போடி வரை ஓடியது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? "ஊரில் இருந்து எத்தனை மைல்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்தப் பக்கம்?" என்றும் கேட்க வேண்டும். மதுரை ரோட்டுப் பக்கம் மனை வாங்குகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கும். பஜார் வீட்டுக்காரருக்கு அது தூரம்! வீரபாண்டிப் பக்கம் வாங்குகிறவருக்குக் கம்பம் ரோட்டுப் பஸ் வசதி. நீங்கள் தினமும் போகும் இடம் எது, அது எந்தப் பக்கம் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

தூரத்துக்கும் விலை உண்டு

வெளியே மனை மலிவு. உண்மைதான். ஆனால் தூரத்துக்கும் விலை இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். வீடு ஊரில் இருந்து 7 கிலோ மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். போய்வர 14. மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 350 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 7 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 700 ரூபாய். இது ஒருவருக்கு மட்டும்!

பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் ஆட்டோ, இதெல்லாம் தனி. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் 2021 மே மாதம் வந்தது. அது நல்ல உதவிதான். ஆனால் அந்தப் பக்கம் டவுன் பஸ் போகிறதா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இதைக் கேட்காமல் அச்சாரம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. காலி மனையில் குடியிருக்க முடியாது. வீடு கட்டி முடியும் வரை வாடகையும் கொடுக்க வேண்டும், கடன் தவணையும் கட்ட வேண்டும். இந்த இரட்டைச் சுமையைத் தாங்க முடியாமல் மனையையே விற்க நேரலாம்.

தண்ணீர் பத்திரம் படிக்காது!

கம்பம் பள்ளத்தாக்கின் உயிர் முல்லைப் பெரியாறு. 1895-ல் கர்னல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்தார். மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் தென்னையும் செழித்தன.

அந்த வயல்களில் சில இன்று மனைகளாகக் கல் நட்டு நிற்கின்றன. நஞ்சை நிலத்தை மனையாக்க முறையான அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் இடத்தை நேரில் பாருங்கள். பக்கத்தில் கண்மாய் இருக்கிறதா? ஓடை எங்கே போகிறது? பழைய வாய்க்காலை மண் போட்டு மூடியிருக்கிறார்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். அது உங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்க்காது!

அதேபோல் சித்திரை, வைகாசியில் அக்கம்பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புரோக்கரைக் கேட்க வேண்டாம். குடம் எடுத்து வரும் பெண்களைக் கேளுங்கள்.

ஊருக்குள் வீடு என்றால்...

ஊருக்குள் பழைய வீடு வாங்குவதிலும் சிக்கல் உண்டு. குறுகிய சந்தாக இருந்தால் செங்கல், மணல் லாரி உள்ளே வராது. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருக்கலாம். சாக்கடை போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது பங்காளி விவகாரம். 2005-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, பூர்வீகக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் சம உரிமை உண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு, அக்கா தங்கைகள் விடுபட்டிருந்தால், நாளை கோர்ட்டுப் படி ஏற நேரிடும்.

காகிதங்களைப் பாருங்கள்

எங்கே வாங்கினாலும் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இருக்க வேண்டும். அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. பணம் போட்டிருந்த பலர் தவித்தார்கள். 2016 அக்டோபர் 20-ந்தேதிக்கு முன் உண்டான மனைகளை வரைமுறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. பழைய மனை என்றால் வரைமுறைப்படுத்திய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டையும் கவனியுங்கள். படத்தில் வரைந்த ரோடு ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவிளக்குக்கும் குழாய்க்கும் அலைச்சல்தான்.

பதிவுச் செலவையும் ஒதுக்கி வையுங்கள். முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. பத்து லட்சம் ரூபாய் சொத்துக்கு 90 ஆயிரம்! 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைவு. அதே சொத்துக்குப் பத்தாயிரம் மிச்சம். வீடும் மனைவி பேரில் இருக்கும்!

அப்படியானால் எது நல்லது?

சம்பாதிப்பவர் ஒருவர், அவருக்கு வேலை பஜாரில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டில் வயதானவர் இருக்கிறார். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஊருக்குள் சிறிய வீடே நல்லது. இரண்டு அறைதான் என்றாலும் குடியேறிய மறுநாளே வாடகையோ ஒத்தியோ இல்லை.

இருவரும் சம்பாதிக்கிறார்கள், வேலை செய்யும் இடமும் மனையும் ஒரே பக்கம், பஸ்ஸும் தண்ணீரும் உண்டு, மூன்று வருடத்துக்குள் கட்டவும் வழி இருக்கிறது. அவர்கள் தைரியமாக வெளியே வாங்கலாம். காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். வாசலில் ஒரு தென்னையும் வைக்கலாம்.

"விலை ஏறும்" என்ற ஒரே ஆசையில் முதல் வீட்டை வாங்காதீர்கள். ஏறினாலும், குடியிருக்கும் வீட்டை விற்றா சாப்பிடப் போகிறோம்?

அச்சாரம் கொடுக்கும் முன் அந்த இடத்தை மூன்று தடவை பாருங்கள். பகலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. மூன்று தடவையும் மனைவியையும் கூட்டிப் போங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போவது அவர்தானே!