படகு கொடுத்தாச்சு, அப்புறம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும் கரை ரெண்டுதான். ஒன்று கோட்டைப்பட்டினம், இன்னொன்று பக்கத்திலேயே இருக்கும் ஜெகதாப்பட்டினம். ‘திட்ட மேலாண்மை’ என்றொரு ஆய்வுத்துறை இருக்கிறது. ஒரு ப்ராஜெக்ட் ஏன் ஜெயிக்கிறது, ஏன் தோற்கிறது என்று ஆராய்கிற துறை. அதில் படித்த பல விஷயங்கள் எனக்கு இந்தக் கடற்கரையை வைத்து யோசித்தபோதுதான் புரிந்தன.

முதலில் பின்னணி. பாக் விரிகுடா ஆழமில்லாத, குறுகலான கடல். 1974 ஒப்பந்தத்தில் நடுவே எல்லைக்கோடு வந்தது. அடிமட்டத்தை வழித்துக்கொண்டு வரும் இழுவலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. கோட்டைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். சில சமயம் அதோடும் முடிவதில்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பிய ஒரு படகு, இலங்கைக் கடற்படைக் கலத்தோடு ஏற்பட்ட மோதலில் மூழ்கியது. நான்கு பேர் திரும்பி வரவில்லை.

இதற்குத் தீர்வாக 2017-ல் ஒரு திட்டம் வந்தது. மூன்று வருடத்தில் 2,000 இழுவலைப் படகுகளை விலக்கிவிட்டு, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளைக் கொடுப்பது. படகு ஒன்றுக்கு 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் முதல் அனுமதிக் கடிதங்களைக் கொடுத்தார். மூன்று வருடம் போனது. கடலில் இறங்கியது இலக்கில் ஒரு சிறு பகுதிதான்.

ஏன்? இங்கேதான் ஆய்வு உதவுகிறது.

1969-ல் மார்ட்டின் பார்ன்ஸ் ‘இரும்பு முக்கோணம்’ என்பதை வரைந்தார். காலம், செலவு, தரம் மூன்றும் சரியாக இருந்தால் ப்ராஜெக்ட் வெற்றி என்பது அதன் சாரம். இன்றைக்கும் பெரும்பாலான அலுவலகங்களில் இதுதான் அளவுகோல். இத்தனை படகு, இத்தனை கோடி, இத்தனை மாதம்.

1979-ல் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் இதிலிருக்கும் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். திட்டம் போடுகிறவர்கள் தங்கள் திட்டத்துக்குள்ளேயே நின்று கணக்குப் போடுகிறார்கள், அதனால் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வெளியே வந்து, இதே மாதிரி வேலை மற்ற இடத்தில் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். நமக்கு அந்த ‘மற்ற இடம்’ வெகு தூரத்தில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் பேர்போனவர்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறவர்கள். அந்தத் திறமை மூன்று வருடத்தில் வந்ததில்லை, அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது.

1995-ல் ரோல்ஃப் லுண்டின், ஆண்டர்ஸ் சோடர்ஹோம் என்ற ரெண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள், ப்ராஜெக்ட் என்பது ஒரு தற்காலிக அமைப்பு என்றார்கள். அதற்கு நான்கு கால்கள்: நேரம், வேலை, குழு, மாற்றம். நாலாவதுதான் முக்கியம். ப்ராஜெக்ட் முடியும்போது எது, யாருடைய வாழ்க்கையில், எப்படி மாறியிருக்க வேண்டும்?

பாக் விரிகுடாவில் அந்த மாற்றம் சின்னதல்ல. இன்று போய் நாளை திரும்புகிறவர் வாரக்கணக்கில் வீட்டைப் பிரிய வேண்டும். வலை இழுத்த கை, நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டப் பழக வேண்டும். பெரிய படகை நிறுத்த ஊர்க்கரையில் ஆழம் போதாது, வேறு துறைமுகம் வேண்டும். பிடித்த சூரையைக் கெடாமல் வைக்க ஐஸ், விற்க வேறு வியாபாரி. கூடவே 16 லட்சம் கடன், பழைய படகும் கையில் இருக்காது. சம்பளத்துக்குப் பதில் பங்கு வாங்கும் கூலி மீனவருக்கோ அனுமதிக் கடிதத்தில் பெயரே இல்லை.

2003-ல் மட்ஸ் எங்வால் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் ‘எந்த ப்ராஜெக்ட்டும் தீவல்ல’ என்று சொல்லலாம். ஒரு ப்ராஜெக்ட்டை அதன் வரலாற்றிலிருந்தும் சூழலிலிருந்தும் வெட்டி எடுத்துப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதம். இங்கே அது அப்படியே பொருந்தும். ஏனென்றால் இந்த விசைப்படகும் ஒரு காலத்தில் அரசுத் திட்டமாகத்தான் வந்தது. 1952-ல் கேரளத்தில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் படகுகளுக்கு எஞ்சின் கொடுத்தது. பின்னாடி அரசுகள் மானியம் கொடுத்து விசைப்படகைப் பரப்பின, இறால் ஏற்றுமதி இழுவலையைப் பெருக்கியது. முக்கோணத்தை வைத்து அளந்தால் அது நல்ல வெற்றி. அந்த வெற்றியின் விளைவைத்தான் இப்போது இன்னொரு திட்டம் போட்டுச் சரி செய்யப் பார்க்கிறோம்.

பிறகு வந்த மத்திய திட்டத்தில் ஆழ்கடல் படகின் மதிப்பு 1.2 கோடியாக உயர்த்தப்பட்டது. தேவையான திருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முக்கோணத்தின் ஒரு மூலை மட்டும்.

எத்தனை படகு கொடுத்தோம் என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். புதுப் படகு வாங்கினவர் ரெண்டு வருடம் கழித்தும் அதே தொழிலில் இருக்கிறாரா? இந்த ஒரு கேள்வியை அறிக்கையில் சேர்த்தாலே போதும், பயிற்சி, துறைமுகம், கடன் தவணை எல்லாம் தானாக அதற்குள் வந்துவிடும். படகு கட்டும் யார்டில் இந்தத் திட்டம் முடிவதில்லை. எல்லைக்கோட்டுப் பக்கம் போக வேண்டிய அவசியம் ஒரு வீட்டுக்கு இல்லாமல் போகும் அன்றைக்குத்தான் முடியும்.