யானைக்கால் நோய்: இரவில் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

 

சுகாதாரத் துறைப் பணியாளர்கள் சில நாட்களில் இஷாவுக்குப் பிறகு வீடு வீடாக வந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் கேட்கிறார்கள். "இந்த நேரத்தில் எதற்கு? பகலில் வரக்கூடாதா?" என்று சில வீடுகளில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாக அறிகிறோம். பகலில் எடுத்தால் அந்தப் பரிசோதனையால் பெரும்பாலும் பயன் இருக்காது. அதன் காரணத்தை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. அதன் நுண்ணிய குஞ்சுகள் மனித இரத்தத்தில் இருப்பதை 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவர் கண்டார். அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகின்றன என்பது அப்போது எவருக்கும் தெரியாது. சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1877இல் ஒரு சோதனை செய்தார். இரத்தத்தில் புழு இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கவிட்டு, அந்தக் கொசுக்களைப் பிடித்து, நாள்தோறும் அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடலுக்குள் புழுக்கள் வளர்வதைக் கண்டார். பூச்சியின் உடலில் மனித நோயின் ஒட்டுண்ணி வளர்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான்.

மேன்சன் இன்னொன்றையும் கண்டறிந்தார். பகலில் எடுத்த இரத்தத்தில் புழுக்கள் அரிதாகவே இருந்தன. இரவில் எடுத்ததில் ஏராளமாக இருந்தன. பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடுகின்றன. கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலருகே உள்ள இரத்தத்திற்கு வருகின்றன. பணியாளர்கள் இரவில் கதவைத் தட்டுவது இதனால்தான்.

இறந்த கொசு விழுந்த நீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று மேன்சன் கருதியது மட்டும் தவறு. 1900இல் ஜார்ஜ் லோ என்பவர் கொசுவின் ஊசி போன்ற வாயில் புழுக்களைக் கண்டார். கொசு கடிப்பதால்தான் நோய் பரவுகிறது என்பது அப்போது உறுதியாயிற்று.

இந்தப் புழு உடலில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். அதுவரை கால் வீங்காமலும், எந்த வலியும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவரைக் கடிக்கும் கொசு அண்டை வீட்டாருக்கு நோயைக் கொண்டுபோகும். நலமாக இருப்பவரும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்வது இதற்காகவே. டி.இ.சி. எனும் இம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் அவர்களின் தலைமையில் 1947இல் அமெரிக்காவில் உருவானது. சாப்பிட்டபின் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வரலாம். புழுக்கள் மடிவதால் பெரும்பாலும் அப்படி நேர்கிறது. ஓரிரு நாளில் சரியாகிவிடும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கு இம்மாத்திரை கொடுப்பதில்லை.

ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். காலைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, உட்காரும்போது உயர்த்தி வைத்தால் வீக்கம் கூடாமல் தடுக்கலாம். ஒளுச் செய்யும்போது கால்விரல்களுக்கிடையே கோதிக் கழுவும் நம் பழக்கம் இவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் கழுவியபின் மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் விரலிடுக்கில் புண் வரும். அதன் வழியே கிருமி நுழைந்து காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வீக்கம் அதிகமாகும். ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் குணப்படுத்தலாம்.

இந்நோய் தொட்டால் ஒட்டுவதில்லை, பரம்பரையாக வருவதுமில்லை. தாய்க்குக் கால் வீக்கம் என்று மகளின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது அறியாமையும் அநீதியும் ஆகும். வெட்கப்பட்டுக் காலை மறைத்து வாழும் நம் தாய்மார்களும், ஜமாஅத்துக்கு வரத் தயங்கும் பெரியவர்களும் அரசு மருத்துவமனைக்குச் செல்லட்டும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவித்தால், உடன் ஆள் அனுப்பி அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

இந்நோயைப் பரப்பும் கொசு அழுக்குத் தண்ணீரில் பெருகுவது. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுங்கள். வீட்டோரச் சாக்கடை தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வரும் பணியாளர்களுக்குக் கதவைத் திறந்து, ஒரு சொட்டு இரத்தம் கொடுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. அண்டை வீட்டாரை நோயிலிருந்து காப்பது நம் கடமை.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.